செங்ஹெனித்: காற்று, தூசி, குறிப்பேடு

பெயரிலிருந்தே தொடங்கலாம். வரைபடத்தில் பார்க்கிற நம்மவர்கள் ‘செங்கனிட்’ என்று படித்துவிடுவார்கள். வேல்ஸ் மொழியில் ‘டி’ எழுத்து இரட்டித்து வந்தால் அது ‘டி’ அல்ல. ‘அது’, ‘இது’ என்கிறபோது நாக்கு பல்லைத் தொட்டும் தொடாமலும் ஒரு த வருகிறதே, அந்த ஒலி. ஆக, செங்ஹெனித். அழுத்தம் நடுவில், ‘ஹெ’யில்.

தெற்கு வேல்ஸில், கேர்ஃபிலி கோட்டை இருக்கும் ஊரிலிருந்து வடமேற்கே நாலு மைல். அபெர் பள்ளத்தாக்கு என்று பெயர். கீழே அபெர்ட்ரிடூர், மேலே செங்ஹெனித். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. இரு பக்கமும் புல் மண்டிய மலை, நடுவில் ஓர் ஓடை, ஓடையின் போக்கிலேயே சாலை, சாலையின் போக்கிலேயே வரிசை வீடுகள். பிரிட்டனின் சுரங்க வரலாற்றில் மிக அதிகமானவர்கள் செத்த விபத்து இந்தச் சின்ன ஊரில்தான் நடந்தது. 1913 அக்டோபர் 14. சுரங்கத்தில் 439 பேர், மீட்கப் போனவர்களில் ஒருவர், மொத்தம் 440.

இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு நாளோடு நிறுத்திவிடுகிறார்கள். கண்ணீர் வரும், கட்டுரை முடியும். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. அன்று உயிரைக் குடித்தவற்றில் முக்கியமானவை அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே இதே சுரங்கத்தில் தெரியவந்து, அறிக்கையாக எழுதப்பட்டவை. வெடிப்பைவிட அதுதான் என்னை உறுத்துகிறது.

கிணறு வந்து, ஊர் வந்தது

1890 வரை இங்கே சில பண்ணைகள் மட்டுமே. பழைய பெருமை என்று ஒன்று உண்டு. இந்தப் பகுதியின் தலைவன் இஃபோர் பாக் 1158இல் கார்டிஃப் கோட்டைச் சுவரில் ஏணி வைத்து ஏறி, க்ளஸ்டர் பிரபுவைக் குடும்பத்தோடு தூக்கிக்கொண்டு போனான். நிலத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் விட்டான். பள்ளத்தாக்கில் வேல்ஸ் மொழியில் பாடம் நடத்தும் தொடக்கப் பள்ளிக்கு இன்றும் அவன் பெயர்தான்.

1891இல் யூனிவர்சல் ஸ்டீம் கோல் கம்பெனி இரண்டு கிணறுகளைத் தோண்ட ஆரம்பித்தது. ஒன்றுக்கு லங்காஸ்டர், மற்றதற்கு யார்க். ஆழம் சுமார் 1,950 அடி. கிணறு என்றதும் நம் ஊர் இறைகிணறு நினைவுக்கு வரும். இது அறுபது மாடிக் கட்டடத்தை முழுசாக இறக்கினாலும் உச்சி வெளியே தெரியாத ஆழம். 1894இல் ரயில் பாதை வந்தது. 1896இல் நிலக்கரி மேலே வந்தது. அதற்குப் பிறகே தெருக்கள் வந்தன. உரிமையாளர் வில்லியம் தாமஸ் லூயிஸுக்கு 1911இல் பிரபு பட்டம் கிடைத்தபோது ‘செங்ஹெனித்தின் மெர்தர் பிரபு’ என்று ஊர்ப் பெயரையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

வெட்டியது நீராவி நிலக்கரி. புகை குறைவு, சூடு அதிகம். பிரிட்டிஷ் கடற்படைக்கு இதுதான் வேண்டும். தொலைவில் புகை தெரிந்தால் எதிரி கண்டுகொள்வான் அல்லவா! உலகக் கடல்வழிகள் எங்கும் கப்பலுக்குக் கரி நிரப்பும் துறைகளில் கார்டிஃப் நிலக்கரி என்றால் தனி விலை. கொழும்புத் துறைமுகமும் அப்படி ஒரு துறையாக இருந்தது. 1913இல் தெற்கு வேல்ஸ் சுரங்கங்கள் மொத்தமாக எடுத்தது சுமார் 5 கோடியே 70 லட்சம் டன். அந்த உச்சத்தை அதற்குப் பிறகு அவை தொடவே இல்லை. யூனிவர்சல் மட்டும் ஒரு நாளைக்கு 1,800 டன் அனுப்பிக்கொண்டிருந்தது.

காற்று போகும் வழி

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். காற்று எப்படி ஓடுகிறது என்பது புரியாவிட்டால் விபத்தும் புரியாது, பிறகு நடந்த வழக்கும் புரியாது.

இரண்டு கிணறு எதற்கு? ஒன்று வழியாக நல்ல காற்று இறங்கும். மற்றதன் வாயில் பெரிய விசிறி வைத்துக் காற்றை உறிஞ்சுவார்கள். கீழே இறங்கிய காற்று நிலக்கரியை வண்டியில் இழுக்கும் முக்கியப் பாதைகள் வழியாக நிலக்கரி வெட்டும் இடமான வேலைமுகம் வரை போய், அங்கே கசியும் மீத்தேனைச் சேர்த்துக்கொண்டு, வேறு பாதையில் திரும்பி மேலே ஏறும். குறுக்கு வழியில் காற்று தப்பிக்காமல் இருக்க ஆங்காங்கே மரக் கதவுகள், கீல் பூசிய துணித் திரைகள். ஒரு கதவை ஒருவன் திறந்தபடி விட்டுப் போனால் போதும், அதற்கு அப்பாலுள்ள வேலைமுகத்தில் காற்று நின்றுவிடும். மீத்தேன் லேசானது, கூரை ஓரம் போய்த் தங்கும்.

மீத்தேன் காற்றில் ஐந்திலிருந்து பதினைந்து சதவீதத்துக்குள் இருந்தால் வெடிக்கும். ஒன்பதரை அளவில் வெடிப்பு மிகக் கடுமை. இதைக் கண்டுபிடிக்க அன்று இருந்த கருவி பாதுகாப்பு விளக்கு. திரியை நன்றாகக் குறைத்துவிட்டு விளக்கை மெல்லக் கூரை நோக்கி உயர்த்த வேண்டும். சுடரின் தலையில் வெளிர்நீலத் தொப்பி ஒன்று தெரிந்தால் வாயு இருக்கிறது. தொப்பியின் உயரத்தைப் பார்த்து எத்தனை சதவீதம் என்று மதிப்பிடுவார்கள். 1911 சுரங்கச் சட்டப்படி இரண்டரை சதவீதம் எட்டிவிட்டால் ஆட்களை வெளியேற்ற வேண்டும். விளக்கைச் சட்டென்று தூக்கினால் சுடர் அணைந்துபோகும். கை நடுங்கினால் தொப்பி தெரியாது. கூரை உடைந்து மேலே குழி விழுந்த இடமென்றால், அந்தக் குழிக்குள் இருக்கும் வாயு கீழே நிற்கிறவன் விளக்குக்கு எட்டவே எட்டாது.

ஆனால் ஒரு சுரங்கம் முழுவதையும் மீத்தேனால் மட்டும் எரிக்க முடியாது. அதற்குத் தூசி வேண்டும்.

தூசி எங்கிருந்து வந்தது என்பதில் கூலிக் கணக்கு ஒளிந்திருக்கிறது. தெற்கு வேல்ஸில் வெட்டுகிறவனுக்குப் பெரிய கட்டிகளுக்கு மட்டுமே கூலி. வண்டி மேலே போனதும் சல்லடைக் கம்பிகளில் கொட்டிச் சலித்து, கீழே விழுந்த பொடியின் எடையைக் கழித்துவிடுவார்கள். அந்த எந்திரத்துக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் ‘பில்லி ஃபேர்ப்ளே’, நம் பாஷையில் ‘நியாயம் பேசும் பில்லி’. கிண்டல்தான். அதனால் வெட்டுகிறவன் மண்வாரியைத் தொட மாட்டான். ‘கர்லிங் பாக்ஸ்’ என்கிற இரும்பு முறத்தில் கட்டிகளைக் கையால் பொறுக்கிப் போட்டு, வண்டியில் விளிம்புக்கு மேலே கோபுரமாக அடுக்குவான். பொடி கீழேயே கிடக்கும். பக்கங்களில் இடைவெளி விட்ட வண்டிகள், குண்டும் குழியுமான தண்டவாளம், எதிரே வேகமாக வீசும் காற்று. வழியெல்லாம் சிந்தும். மாவைவிட மெல்லிய துகள் கூரையைத் தாங்கும் கட்டைகளின் மேல்விளிம்பில், சுவர் இடுக்குகளில் படியும்.

எங்கோ ஓரிடத்தில் கொஞ்சம் மீத்தேன் பற்றுகிறது. அதிர்வலை முன்னே ஓடிக் கட்டை மேலிருக்கும் தூசியை எழுப்புகிறது. பின்னால் வரும் தீ அந்தத் தூசியில் பிடிக்கிறது. அது அடுத்த அலையை உண்டாக்குகிறது. தூசி இருக்கும் வரை ஓட்டம் நிற்காது. எரிந்து முடிந்ததும் மிஞ்சும் காற்றில் கார்பன் மோனாக்சைடு நிறைந்திருக்கும். வெடிப்பில் பிழைத்தவர்களையும் அந்தக் காற்று விடாது. அது ரத்தத்தோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். இந்த நச்சில் இறந்தவர்களின் முகம் ரோஜா நிறத்தில், தூங்குகிற மாதிரி இருக்கும்.

1901, பிறகு 1913

முதல் வெடிப்பு 1901 மே 24 விடியற்காலை ஐந்து மணியளவில். இரவு ஷிஃப்ட்டின் பெரும்பகுதி மேலே வந்துவிட்டது. உள்ளே இருந்தது 82 பேர். பிழைத்தது ஒருவர், குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். செத்துக் கிடந்த ஒரு குதிரையின் பக்கத்திலிருந்து அவரை எடுத்தார்கள்.

விசாரித்து எழுதியவர் பேராசிரியர் வில்லியம் காலோவே. நிலக்கரித் தூசிதான் வெடிப்பைச் சுரங்கம் முழுக்கச் சுமந்து செல்கிறது என்று பல வருடங்களாக வாதாடி வந்தவர். சுரங்கம் வெப்பமானது, உலர்ந்தது, தூசி அதிகம், தண்ணீர் தெளிப்பது போதவில்லை என்பதுதான் அந்த விசாரணையின் சாரம்.

தண்ணீர் தெளிப்பதற்கு எதிராக நிர்வாகங்கள் சொன்ன வாதத்தையும் கேட்டுவிட வேண்டும், அதில் கொஞ்சம் உண்மை உண்டு. கூரையில் இருப்பது களிப்பாறை. நனைந்தால் ஊதி உதிரும், ஆள் மேல் விழும். வெப்பக் காற்றில் தண்ணீர் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், தினமும் தெளிக்க ஆள் வேண்டும். எனவே பாதையின் தரையை மட்டும் நனைத்தார்கள். கூரையும் பக்கச் சுவர்களும் அப்படியே இருந்தன. எளிதில் காற்றில் எழும் மிக மெல்லிய தூசி இருப்பதோ அங்கேதான். அதற்கும் ஒரு மாற்று 1908இலேயே தெரிந்திருந்தது. யார்க்‌ஷயரின் ஆல்டாஃப்ட்ஸில் வில்லியம் கார்ஃபோர்த் சோதித்துக் காட்டினார். கல் தூளைத் தாராளமாகத் தூவி, நிலக்கரித் தூசியோடு கலந்துவிட்டால் போதும். தீ வரும்போது கல் தூள் சூட்டை வாங்கிக்கொள்ளும், சங்கிலி அறுந்துபோகும். இது கட்டாயமானது 1920இல்தான்.

1911 சுரங்கச் சட்டத்தின் இரண்டு விதிகள் இங்கே முக்கியம். ஒன்று, தரை மட்டுமல்ல, கூரையிலும் பக்கங்களிலும் தூசியை முறையாக அகற்ற வேண்டும். இரண்டு, விசிறியைத் தேவைப்பட்டால் எதிர்த்திசையில் ஓட்டிக் காற்றோட்டத்தைத் திருப்பும் வசதி இருக்க வேண்டும். இரண்டாவதற்குக் கெடு 1913 ஜனவரி 1. யூனிவர்சலில் வேலை முடியவில்லை என்று செப்டம்பர் 30 வரை நீட்டித்துக் கொடுத்தார்கள். அந்தத் தேதியும் போனது. அடுத்த இரண்டு வாரத்தில் வெடித்தது.

அன்று விடியற்காலை மூன்று மணியளவில் சோதனைக்காரர்கள் விளக்கோடு இறங்கினார்கள். ஐந்தே கால் சுமாருக்கு ஷிஃப்ட் இறங்க ஆரம்பித்தது, சுமார் 950 பேர். அதற்குள் மைல் கணக்கான பாதைகளையும் ஒவ்வொரு வேலைமுகத்தையும் விளக்கு வைத்துப் பார்த்துவிட வேண்டும். நடக்கிற தூரத்தையும் இருக்கிற நேரத்தையும் போட்டுப் பார்த்தாலே இது எவ்வளவு நெருக்கடியான சோதனை என்பது தெரியும். விசாரணையிலும் இந்த நேரப் பற்றாக்குறை பேசப்பட்டது.

எட்டு மணி தாண்டியதும் வெடித்தது. அதிர்வு லங்காஸ்டர் கிணற்றின் வழியாக மேலே பாய்ந்து, வாயில் கூண்டை ஏற்றி இறக்கும் சக்கரக் கோபுரத்தைச் சிதைத்தது. பூமிக்கு மேலே நின்ற கூண்டு இயக்குநரும் இறந்தார். தீ மேற்குப் பக்கத்தில். அங்குள்ள வெட்டுப் பகுதிகளுக்கு மாஃபிகிங், பிரிட்டோரியா, லேடிஸ்மித் என்று பெயர், எல்லாம் அப்போது நடந்து முடிந்த போயர் போரிலிருந்து எடுத்தவை. மேலாளர் எட்வர்ட் ஷா யார்க் கிணற்றில் தானே இறங்கினார். கிழக்குப் பக்கத்து ஆட்கள் உயிரோடு இருந்ததால் பாதிப்பேர் மேலே வர முடிந்தது. மேற்கே பாதையெங்கும் நெருப்பு, விழுந்த கூரை, அணைக்கப் போதுமான தண்ணீர் இல்லை. மூச்சுக் கருவிகளோடு மீட்புக் குழு ரோண்டா பள்ளத்தாக்கின் போர்த் ஊரிலிருந்து வர வேண்டியிருந்தது. அன்று இரவு பதினெட்டுப் பேரை உயிரோடு கண்டெடுத்தார்கள். அதோடு சரி.

விசிறியைத் திருப்பியிருந்தால் பிழைத்திருப்பார்களா என்பது இன்றும் தீராத வாதம். வசதி இருந்திருந்தால் புகை ஆட்களை நோக்கிப் போகாமல் தடுத்திருக்கலாம். தவறான நேரத்தில் திருப்பியிருந்தால் அதே புகை வேறு பக்கத்தில் உயிரோடு இருந்தவர்கள் மேல் போயிருக்கும். ஆனால் முடிவெடுக்கும் வாய்ப்பே அன்று யாருக்கும் இல்லை, கருவி இல்லையே. என் கணக்கில் குற்றம் அங்கேதான்.

பொறி எங்கிருந்து வந்தது? தலைமை ஆய்வாளர் ரிச்சர்ட் ரெட்மெய்ன் தலைமையில் நடந்த விசாரணையில் பலமாகப் பேசப்பட்டது மின்மணிக் கம்பி. வண்டிகளை இழுக்கும் எந்திரத்துக்குச் சைகை கொடுக்கப் பாதை ஓரமாக இரண்டு வெற்றுக் கம்பிகள் ஓடும். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் மணி அடிக்கும். கைவிட்டுப் பிரியும்போது சின்னப் பொறி பறக்கும். குறைந்த மின்னழுத்தம், ஆபத்தில்லை என்று நினைத்திருந்தார்கள். மணியின் சுருளில் தேங்கும் ஆற்றல் அந்தப் பொறிக்குப் பலம் கொடுக்கிறது என்பது பிற்பாடு நடந்த ஆய்வுகளில் உறுதியானது. வாயுவைப் பற்றவைக்கும் பலம் பொறிக்கு வராதபடி செய்த, சுரங்கங்களுக்கான மின்சுற்று வடிவமைப்பு அதிலிருந்தே வளர்ந்தது. இன்று பெட்ரோல் கிடங்குகளிலும் எரிவாயு ஆலைகளிலும் இருக்கும் பாதுகாப்புக் கருவிகளுக்கு மூத்த பாட்டன் இந்தச் சுரங்க மணிதான்.

இறந்தவர்களில் 60 பேர் இருபது வயதுக்குள். அதிலும் எட்டுப் பேருக்குப் பதினாலு வயது. 542 குழந்தைகள் அப்பாவை இழந்தார்கள். விதவைகள் இருநூறுக்கும் மேல்.

ஷா மீது பதினேழு குற்றச்சாட்டு, கம்பெனி மீது நாலு. ஷாவுக்கு அபராதம் 24 பவுண்ட். குற்றங்களில் ஒன்று, சுரங்கத்துக்குள் எடுக்க வேண்டிய அளவுகளைக் குறிப்பேட்டில் முறையாகப் பதிந்து வைக்காதது. கம்பெனி முதலில் விடுதலை. மேல்முறையீட்டுக்குப் பிறகு காற்றைத் திருப்பும் வசதி செய்யாததற்கு 10 பவுண்ட் அபராதம், செலவுத் தொகை 5 பவுண்ட் 5 ஷில்லிங். 24 பவுண்டை 439ஆல் வகுத்துப் பார்த்தது ஓர் உள்ளூர்ப் பத்திரிகை. ஓர் உயிருக்கு 1 ஷில்லிங் 1¼ பென்னி. நவம்பர் முடிவதற்குள் சுரங்கம் திரும்பத் திறந்து ஆட்கள் இறங்கினார்கள். வேறு வேலை ஏது?

சமையலறையில் நடந்த ஷிஃப்ட்

ஆண்கள் கீழே செத்ததைக் கணக்கெடுத்த அளவுக்கு, பெண்கள் மேலே தேய்ந்ததை யாரும் கணக்கெடுக்கவில்லை. சுரங்க வாசலில் குளியலறை என்பதே வேல்ஸில் 1916இல் ட்ரீஹாரிஸில்தான் முதன்முதலாக வந்தது. அதுவரையிலும், பெரும்பாலான ஊர்களில் அதற்குப் பிறகும் வெகுகாலம், கரியோடு வீட்டுக்கு வந்து அடுப்பு முன்னால் தகரத் தொட்டியில்தான் குளியல். வீட்டில் அப்பா, இரண்டு பிள்ளைகள், ஒரு வாடகையாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஷிஃப்ட்டில் மாறி மாறி வருவார்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் பிடித்து, அடுப்பில் ஏற்றி, கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கி ஊற்றி, பிறகு கறுப்புத் தண்ணீரை மொண்டு வெளியே கொட்ட வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகளும் இதைச் செய்தார்கள். கருச்சிதைவு சகஜம். தவழும் குழந்தை வெந்நீரில் விழுந்து இறந்தது இந்தப் பள்ளத்தாக்குகளில் அரிதான செய்தியே அல்ல. வேலைத் துணிகளைச் சுவரில் அடித்துத் தூசி உதறுவதும் பெண்களே. கணவன் நுரையீரலுக்குப் போன தூசி அவர்களுக்கும் கொஞ்சம் போயிருக்கும்.

நிலக்கரி வீட்டு வாசலில் தெருவில் கொட்டப்படும், சலுகை விலையில். வாளி வாளியாகப் பின்பக்கக் கொட்டிலுக்கு எடுத்துப் போக வேண்டும். அந்தக் கொட்டில்கள் பல இன்று சைக்கிள் வைக்கும் இடமாகிவிட்டன.

யூனிவர்சல் 1928இல் மூடிவிட்டது. இது பலருக்குத் தெரியாது. தெற்கு வேல்ஸ் என்றாலே 1984 வேலைநிறுத்தமும் தாட்சரும்தான் நினைவுக்கு வரும். செங்ஹெனித்துக்குச் சொந்தச் சுரங்கம் இருந்தது வெறும் முப்பத்திரண்டு வருடம். அதன் பிறகு வேலை தேடிப் பலர் பள்ளத்தாக்குகளை விட்டு ஸ்லவுக்கும் ஆக்ஸ்ஃபோர்டின் கார் ஆலைகளுக்கும் போனார்கள். மிஞ்சியவர்களுக்குக் கீழே அபெர்ட்ரிடூரில் வின்ட்சர் சுரங்கம் இருந்தது. 1964இல் பயணிகள் ரயில் நின்றது. 1974இல் வின்ட்சரைப் பூமிக்கடியிலேயே நாந்த்கார் சுரங்கத்தோடு இணைத்து, நிலக்கரியை அந்தப் பக்கமாக மேலே எடுத்தார்கள். 1984–85இல் ஒரு வருடம் வேலைநிறுத்தம். 1986இல் வின்ட்சரும் மூடியது. இப்போது அந்த இடத்தில் வீடுகள்.

வேலை போன பிறகு தூசி மட்டும் ஆட்களோடு வீட்டுக்கு வந்தது. நெஞ்சுச்சளி, தூசி படிந்து நுரையீரல் கெடும் நிமோகோனியோசிஸ். மூச்சு நோய்க்கு நிர்வாகம் பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்த்தது 1998இல். சுரங்கம் மூடிப் பன்னிரண்டு வருடம் கழித்து!

இன்று வீடு வாங்குகிறவருக்கு

செங்ஹெனித் இப்போது தூங்கி எழுந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறவர்களின் ஊர். பேருந்தில் கேர்ஃபிலி, அங்கிருந்து ரயிலில் இருபது நிமிடத்தில் கார்டிஃப். கார்டிஃபில் வீட்டு விலையைப் பார்த்துவிட்டு இளம் தம்பதிகள் பள்ளத்தாக்குப் பக்கம் வருகிறார்கள். வருகிறவர்கள் பார்க்க வேண்டியவை சில உண்டு.

வீடு பெரும்பாலும் பென்னன்ட் மணற்கல். சுவர் ஒன்றரை அடிக்கு மேல் தடிமன், நடுவில் காற்றிடைவெளி கிடையாது, சுண்ணாம்புச் சாந்து. மழையில் நனையும், காற்றில் காயும், அதுதான் அதன் இயல்பு. முந்தைய சொந்தக்காரர் இடுக்குகளைச் சிமென்ட்டால் அடைத்திருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே திரும்பும். முன்னறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உதிர்வதைப் பார்த்து ‘நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறது’ என்று ரசாயன ஊசி போட வருவார்கள். பல நேரம் காரணம் சிமென்ட் பூச்சும், ஒழுகும் மழைநீர்க் குழாயும், சரிவான தெருவில் பின்சுவரில் சாய்ந்து நிற்கும் மண்ணும்தான். சிமென்ட்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசிவிட்டு, ஒரு குளிர்காலம் பொறுத்துப் பாருங்கள். வெளிச்சுவரில் நுரைப்பலகை ஒட்டிக் காப்பிடும் வேலையிலும் இதே கதைதான். மேல்விளிம்பில் தகர மூடி சரியில்லையென்றால் பலகைக்குப் பின்னால் மழை இறங்கி, காப்புக்காகச் செலவழித்த வீடு பூஞ்சை பிடித்துவிடும்.

அடுத்து, பூமிக்கடி. வழக்கறிஞர் ‘கான்29எம்’ என்ற சுரங்கத் தேடல் அறிக்கையை வாங்குவார். வீட்டுக்குக் கீழே எப்போது, என்ன ஆழத்தில் வெட்டினார்கள், எல்லையிலிருந்து இருபது மீட்டருக்குள் பழைய கிணறோ குகைவாயோ இருக்கிறதா, நிலம் இறங்கியதற்கு இழப்பீடு கேட்டிருக்கிறார்களா, வாயு கசிந்ததா எல்லாம் அதில் வரும். ஆழமான வெட்டு நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டால் நிலம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். கவலைப்பட வேண்டியது கிணற்றுவாய்களைப் பற்றியும், ஆழம் குறைந்த, யாரும் பதியாமல் தோண்டிய பொந்துகளைப் பற்றியும்தான். கைவிட்ட சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது 1872இல். அதற்கு முந்தியவை வரைபடத்தில் இல்லாமலே போகலாம். செங்ஹெனித்துக்கு இதில் ஒரு வசதி, அதன் சுரங்கமே 1891க்குப் பிறகுதான். நிலம் இறங்கி வீடு விரிசல் கண்டால் 1991 சட்டப்படி ‘மைனிங் ரெமெடியேஷன் அத்தாரிட்டி’யிடம் கேட்கலாம். 2024 நவம்பர் வரை அதன் பெயர் கோல் அத்தாரிட்டி. தோட்டத்தில் ஆழ்துளை போட்டு வெப்பம் எடுக்கும் யோசனை இருந்தால், துளை நிலக்கரி அடுக்கைத் தொடுமானால் முன்கூட்டி அவர்கள் அனுமதி வேண்டும்.

அப்புறம் மலைமேல் இருப்பவை. வேல்ஸில் 2,500க்கும் மேற்பட்ட சுரங்கக் கழிவு மேடுகள் இருக்கின்றன. பத்து மைலுக்குள் வடக்கே அபெர்ஃபேன். 1966 அக்டோபர் 21 காலை, ஊற்றின் மேலே கொட்டி வைத்த ஏழாம் எண் மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர், அதில் 116 குழந்தைகள். மேடு சரிவதற்குக் காரணம் உயரம் மட்டுமல்ல, உள்ளே தேங்கும் தண்ணீர். மேலே புல் பச்சையாக இருக்கும், அடியில் வடிகால் அடைத்திருக்கும். 2020 பிப்ரவரிப் புயலில் டைலர்ஸ்டவுனில் ஒரு பழைய மேடு நதிக்குள் இறங்கிய பிறகே எல்லா மேடுகளையும் ஒரே பட்டியலில் கொண்டுவந்தார்கள். 2024 நவம்பரில் கும்டிலரியில் இன்னொன்று வீடுகள் வரை இறங்கியது. ஏ, பி, சி, டி என்று வகை பிரித்திருக்கிறார்கள். சி வகையை வருடம் ஒரு முறை, டி வகையை இரு முறை ஆய்வாளர்கள் நடந்து பார்க்கிறார்கள். அவர்கள் தேடுவது சின்ன விஷயங்கள்: அடியில் புதிதாக ஈரம் கசியும் இடம், வடிகாலை அடைத்த இலைக் குப்பை, மோட்டார் சைக்கிள் ஓட்டி அறுத்த தடம், புல்லில் பிறை வடிவில் ஒரு விரிசல். இதைக் கவனிக்கத் தனி அமைப்பு உண்டாக்கும் சட்டம் 2025இல் வேல்ஸ் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அபெர்ஃபேனிலிருந்து எண்ணினால் ஐம்பத்தொன்பது வருடம்.

ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் பேருந்தில் மேல்கோடி வரை போய், நான்ட்-இ-பார்க் தொடக்கப் பள்ளிக்கு அருகே இறங்கினால் நினைவிடம். 1981இல் வைத்த சின்னச் சக்கரக் கோபுரம் ஒன்று உண்டு. பக்கத்தில் 2013 அக்டோபர் 14 அன்று, நூறாவது ஆண்டில் திறந்த வேல்ஸ் தேசிய சுரங்க நினைவுத் தோட்டம். தளர்ந்து நிற்கும் தொழிலாளியை மீட்புப்பணியாளர் ஒருவர் தாங்கிப் பிடிக்கும் வெண்கலச் சிலை, செய்தவர் லெஸ் ஜான்சன். சுவரில் 1901, 1913 இரண்டிலும் இறந்தவர்களின் பெயர்கள், நடைபாதையில் வேல்ஸின் மற்ற சுரங்க விபத்துகள் ஊர் ஊராக, ஆண்டு ஆண்டாக ஓடுகளில். குனிந்துதான் படிக்க முடியும், அவசரமாக நடந்தால் ஒன்றும் தெரியாது. சமூகக் கூடத்தில் இருக்கும் அருங்காட்சியகம் தன்னார்வலர்கள் நடத்துவது, எல்லா நேரமும் திறந்திருக்காது. கேட்டுவிட்டுப் போவது நல்லது.

திரும்பும்போது பேருந்துக்குக் காத்திருக்காமல் கமர்ஷியல் ஸ்ட்ரீட் வழியாகக் கீழே நடந்துவிடலாம், இறக்கம்தான். 1913 பட்டியலில் பெயரோடு விலாசமும் எழுதியிருக்கிறார்கள். இந்தத் தெரு அதில் திரும்பத் திரும்ப வரும்.